திப்பி

"கலக்காம என்ன கண்ணு, கலக்கித்தான் ஊத்தறேன், ஒரு வேளைகூட உடல, நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ, இந்தா மாமன் தலைமேலயே கை வெச்சுச் சொல்றேன்"னு சொன்னதோட நிக்காம, பாவாயி கையைத் தூக்கிக் கட்டில்ல கெடந்த புருசன் செங்கோடன் நெத்தியில வெச்சே வெச்சுட்டா. வெச்ச கை அங்கயே நின்னுபோச்சு. எதிர்ல நின்ன பொண்ணு மெர்லின், யாருக்கு என்ன சாப்பாடுன்னு எழுதிக் குடுக்கற டயட்டுப் பொண்ணு, நாகர்கோயில் பக்கம், மூக்குல டியூப் போட்டுக் கெடக்கறவங்களுக்கு எத்தனை கஞ்சி எத்தனை பவுடருன்னு சொல்றதே அவ வேலை, அவ ஒரு நிமிசம் பதறிப்போய் "அய்யோ அம்மா, சத்தியமெல்லாம் எதுக்கு, நான் உங்களக் குத்தம் சொல்லல, நார்ச்சத்துப் பவுடர் ஒழுங்கா உள்ள போயிருந்தா வயிறு இப்பிடி இறுகிக் கெடக்காதேன்னுதான் கேட்டேன்"னா. "கேக்கறதுல ஒண்ணுமில்ல, நீ கேட்ட கேள்வியில நான் குடுக்கலன்னு இருக்குது." "அப்பிடி இல்லம்மா." "பின்ன எப்பிடி?" பக்கத்துக் கட்டில்ல தன் மாமியாளுக்குத் துணையா இருக்கற சரசு, வாய் சும்மா இருக்காத பொம்பள, கொய்யாவக் கடிச்சுக்கிட்டே "ஏ அம்மணி, நீ போயிரு, இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா அக்கா உன் தலையிலயும் ஒண்ணு வெச்சுச் சத்தியம் பண்ணிரும்"னா. மெர்லின் சிரிச்சா, ஆனா போகல. கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு மெதுவா, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னா. "அம்மா, காலைல பின்னாடி மருந்து வெச்சிருக்காங்க. சாயந்தரம் பெரிய டாக்டர் வருவாரு. நார்ச்சத்து குடுத்தும் இளகலன்னா, குடல் வேலை செய்யலன்னுதான் அவரு எடுத்துக்குவாரு. அப்புறம் டியூப்ல சாப்பாடு குடுக்கறத நிறுத்திருவாங்க. அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேக்கேன். நிச்சயமா எல்லா வேளையும் போயிருக்கில்ல?" "போயிருக்குது"ன்னா பாவாயி. சொல்லும்போது அவ வாய் அவ வாய் மாதிரி இல்ல, யாரோ தூரத்துல இருந்து பேசறாப்பல இருந்துது.

பொண்ணு போயிட்டா. பாவாயி கை இன்னும் நெத்தியிலதான் இருந்துது, நெத்தி சுடுதா சில்லுனு இருக்குதான்னு கைக்குத் தெரியல, அவ வெரல் நுனியெல்லாம் செத்துப்போயி எத்தனையோ வருசமாச்சு, ஜவ்வரிசி செய்யற சேகோ பேக்டரித் தண்ணியில ஊறி ஊறி, கெழங்குப் பால்ல ஊறி ஊறி. அதனால எதைத் தொட்டாலும் முழங்கைய வெச்சுத்தான் பாப்பா. முழங்கைய வெச்சா. சூடு இல்ல. நிறுத்திருவாங்க. நிறுத்திருவாங்கன்னா என்ன, அந்த வார்த்தைய அவ மனசு தொட்டுட்டுத் தொட்டுட்டுத் திரும்புச்சு. நிறுத்திட்டா மகன் பூபதி என்ன சொல்லுவான்னு தெரியும், ஏற்கெனவே போன்ல சொல்லிட்டான், "நிறுத்திட்டாங்கன்னா அப்பறம் அங்க என்னம்மா வேலை, அப்பாவ வீட்டுக்குக் கூட்டியாந்துரலாம்"னு, நல்ல பையன், அழுதுக்கிட்டேதான் சொன்னான், ஆனா சொல்லிட்டான். வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது. அவளுக்கு அழுகை வரல. வரணும்னு உக்காந்து பாத்தா. எதுக்கால சுவத்துல பல்லி ஒண்ணு இருந்துது, அது நகரல, அவளும் நகரல. மூளையில ரத்தம் கட்டி விழுந்ததுல இருந்து மாமனுக்கு முழுங்க வரல, பேச வரல, வலது பக்கம் வரல, கண்ணு மட்டும் சில நேரம் வரும், வந்து அவளப் பாக்குதா ஃபேனப் பாக்குதான்னு தெரியாது. அவளால அவருக்குச் செய்ய முடிஞ்ச ஒரே காரியம் இந்தக் கஞ்சி. சிரிஞ்சத் தூக்கிப் புடிச்சு ஊத்துனா மூக்கு வழியா உள்ள போவுது, அவ்வளவுதான், அது போறப்ப மட்டும் தான் பொண்டாட்டின்னு அவளுக்குத் தோணும், மத்த நேரம் கட்டிலுக்குப் பக்கத்துல போட்ட ஸ்டூல் அவ.

காலையில எந்திரிச்சா இந்த வார்டுல எல்லாரும் எல்லாரையும் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, "வெளிக்குப் போனாரா?" சிஸ்டர் கேப்பா, கூட்டற பொம்பள கேப்பா, சரசு கேப்பா, எதுத்த கட்டில் மிலிட்டரிக்காரர் பொண்டாட்டி கேப்பா, என்னமோ பொண்ணு பாக்க மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்களான்னு கேக்கறாப்பல. பாவாயி தலைய மட்டும் ஆட்டுவா. அந்தச் சொல்ல அவ வாய்விட்டுச் சொன்னதில்ல, ஆம்பளைங்க நடுவுல அதென்ன பேச்சு, பொறந்த ஊட்டுல அவுங்கம்மா சின்ன வயசுலயே அடிச்சுப் பழக்கினது. மாமன் இருக்காரே, அவருக்கு அந்த வெக்கமே கெடயாது. அவ கல்யாணத்தன்னிக்கு, மாமன்னா வெறும் பேருக்கு மாமன் இல்ல, சொந்தத் தாய்மாமன், அம்மாவோட கடைசித் தம்பி, முகூர்த்த நேரத்துல மாப்ளையக் காணோம். மேளக்காரன் ஊதறான், ஐயரு கடியாரத்தப் பாக்கறாரு, அம்மா மண்டபத்துக்குப் பின்னாடி போயி நெஞ்சுல அடிச்சுக்கறா, எந்தம்பி ஓடிட்டான், எம்புள்ளய உட்டுட்டு ஓடிட்டானேன்னு. பெரிய மாமா ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே போயிட்டாரு. பாவாயி மணையில தலையக் குனிஞ்சுக்கிட்டு, சரி, ஓடிட்டாருன்னா நான் மறுபடி பேக்டரிக்குப் போகணும், திங்கக்கிழமை எந்தப் பொடவையக் கட்டறதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா. அப்ப பாத்தா சோளக்காட்டுக்குள்ள இருந்து பட்டு வேட்டியத் தூக்கிச் செருகிக்கிட்டு, கையில அலுமினியச் சொம்போட, ஆற அமர நடந்து வர்றாரு. "எங்கடா போனே பாவி"ன்னு அம்மா கத்தறா. "ஏக்கா, தாலி கட்டிட்டு ஓடறதுக்கு இப்பவே போயிட்டு வந்துட்டா நல்லதுதானே"ங்கறாரு. மண்டபமே சிரிச்சுது. அந்த ஆளுக்கு எங்கயும் எப்பவும் அடங்காது, லாரி ஓட்டற காலத்துல தொப்பூர் மலை எறங்கறதுக்கு முன்ன ஒரு புளியமரம் இருக்குது, அங்க வண்டிய நிறுத்தாம ஒரு நாள்கூட எறங்கினதில்ல, கிளீனர் பையன் அந்த மரத்துக்கு அவரு பேரையே வெச்சுட்டான். அப்பேர்ப்பட்ட ஆளு. இப்ப வயிறு தப்பட்டையா இறுகி, தட்டினா டொம்முங்குது. குடல் வேலை செய்யலன்னா. வேலை செய்யலன்னா. பல்லி எப்ப போச்சுன்னு தெரியல.

கஞ்சி நேரம் வந்துருச்சு. பாவாயி எந்திரிச்சா, கால் மரத்துப்போயிருந்துது, கொஞ்ச நேரம் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. சொம்பு, டம்ளரு, பவுடரு டின்னு, மடிச்சு வெச்ச வெள்ளைத் துணி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வார்டு கடைசியில சுடுதண்ணிக் கேன் இருக்கற எடத்துக்குப் போனா, அங்க ஒரு தொட்டி, ஒரு மேடை, துணைக்கு இருக்கறவங்க எல்லாம் அங்கதான் கலக்குவாங்க. கேண்டீன்ல வாங்கின அரிசிக் கஞ்சி ஆவி பறந்துது. ஆவி பறக்கறதத்தான் அவ வாங்குவா, ஆறினதத் தொட மாட்டா, ஆஸ்பத்திரியில ஆறினதுல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும், ஈ உக்காந்திருக்கும், எவ கை பட்டிருக்கும். அதுல டின்னைத் தொறந்து ரெண்டு கரண்டிப் பவுடரப் போட்டா, கலக்கினா, நல்லா கலக்கினா, ஒரு ஆளு நம்பலன்னா கை இன்னும் வேகமாத்தான் கலக்கும். வந்து பாரு தாயே, கலக்கறேனா இல்லையான்னு பாரு. அப்பறம் டம்ளரு மேல வெள்ளைத் துணிய விரிச்சா. வடிகட்டாம அவ ஒரு வேளையும் ஊத்தினதில்ல. முத நாளே சிஸ்டர் சொல்லிட்டா, "கட்டி கிட்டி போச்சுன்னா டியூப் அடைச்சுக்கும் பாத்துக்கோங்க, அப்பறம் எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும்"னு. புதுசாப் போடறதுன்னா என்னன்னு அவ கண்ணால பாத்துட்டா. ரெண்டு பேரு தலையப் புடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தி அந்தக் கொழாய மூக்குல உடறா, முழுங்குங்க முழுங்குங்கன்னு கத்தறா, முழுங்கத் தெரியாத மனுசன்கிட்ட. அவரு ஒடம்பு மீன் துள்ளறாப்பல துள்ளுச்சு, நல்லாருந்த இடது கண்ணுல இருந்து தண்ணி காதுக்குள்ள போச்சு. வெளிய வந்து வராண்டாவுல பாவாயி தன் முந்தானையக் கடிச்சுக்கிட்டு நின்னா. இன்னொருக்கா அது நடக்கக் கூடாது. அதனால துணி. அதனால ரெண்டு மடிப்பு.

வடிகட்டறதுன்னா அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, பாதி ஆயுசு அதுலயே போச்சு. சேகோ பேக்டரியில குச்சிக்கெழங்கு வரும், மரவள்ளின்னும் சொல்லுவாங்க, மலை மலையா லாரியில வந்து கொட்டும், தோலு சீவி, மெசின்ல போட்டு அரைச்சு, பாலு வரும், வெள்ளை வெளேர்னு, அந்தப் பால்ல இருக்கற சக்கையத்தான் திப்பிம்பாங்க. அந்தத் திப்பிய நிறுத்தறதுதான் பாவாயி வேலை. சல்லடையில ஒருதரம், துணியில ஒருதரம். ஒரு துளி திப்பி பால்ல போயிருச்சுன்னா ஜவ்வரிசி கருத்துரும், கருத்தா வெலை போவாது, மேஸ்திரி அங்கமுத்து தொட்டி மேல குந்திக்கிட்டுக் கத்துவான், "யாருடி அது, பாவாயியா, கண்ணு எங்க வெச்சிருக்க, திப்பி போவுது பாரு, திப்பி திப்பி"ன்னு, கனவுல கூட அந்தக் கொரல் வரும், பூபதி வயித்துல இருக்கறப்ப நடு ஊட்டுல எந்திரிச்சு உக்காந்து கையால காத்தை வழிச்சிருக்கா, மாமன் புடிச்சு உலுக்கி "இங்க திப்பி இல்ல புள்ள, நான்தான் இருக்கேன்"னு படுக்க வெச்சிருக்காரு. பாலு மனுசனுக்கு, திப்பி மாட்டுக்கு. சாயந்தரமானா மாட்டுக்காரங்க சாக்கோட வந்து வாங்கிக்கிட்டுப் போவாங்க. அவ ஊட்டுலயும் ஒரு மாடு நின்னுது, நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்கறது, அதுக்கும் அவதான் மடியில கட்டிக்கிட்டுப் போவா. துணியத் தூக்கிப் புழிஞ்சா. கஞ்சி டம்ளர்ல சொட்டுச் சொட்டா எறங்குச்சு, கெட்டியா எறங்கல, தண்ணியா எறங்குச்சு, நல்லா வடிஞ்சுருக்குதுன்னு கை சொல்லுச்சு, கைக்குச் சூடு தெரியாட்டியும் கனம் தெரியும், அதை மட்டும் மறக்கல. அந்த மாடு ஒருக்கா, பேக்டரிக்கு லீவு உட்டு திப்பி கெடைக்காத காலம், மழை, வைக்கோலும் நனைஞ்சு போச்சு, பாவாயி பேக்டரித் தொட்டியில மீந்த மாவக் கரைச்சுக் கரைச்சு அதுக்கு ஊத்தினா, வெறும் மாவு, நல்ல மாவு, மனுசன் திங்கற மாவு, மாட்டுக்கு ராசா சாப்பாடுன்னு நெனச்சா. மாடு சாணி போடல. வயிறு உப்பிப் போச்சு. தட்டினா டொம்முன்னுது. மாட்டு டாக்டரு வந்து பாத்துட்டு அவளையே திட்டினாரு. "ஏம்மா, வெறும் மாவ ஊத்தினா உள்ள போயி பசையாட்டம் ஒட்டிக்காதா? சக்கை எங்கம்மா? உள்ள இருந்து தள்ளறதுக்கு அதுக்கு ஒண்ணு வேணுமில்ல?"

உள்ள இருந்து தள்ளறதுக்கு. பாவாயி கை புழியறத நிறுத்துச்சு. துணி மூட்டை கையில தொங்குச்சு. கனமா இருந்துது. கஞ்சியில என்ன கனம் இருக்கும், அரிசி வெந்து கரைஞ்சு போயிருக்கும், சோத்துப் பருக்கை நாலு நிக்கும், அவ்வளவுதான் நிக்கணும். அவ மூட்டையப் பிரிச்சா. கொழகொழன்னு, பளபளன்னு, வெந்த ஜவ்வரிசி மாதிரி, கண்ணாடிக் கண்ணாடியா, சுடுகஞ்சியில உப்பித் திரண்டு போயி உக்காந்திருந்துது. தெனமும் பாத்ததுதான். ஒவ்வொரு வேளையும் பாத்ததுதான். பாத்து, கஞ்சிக் கட்டின்னு நெனச்சு, திப்பின்னு நெனச்சு, தொட்டி ஓரத்து டப்பாவுல தட்டிட்டுத் துணிய அலசிட்டுப் போனவதான். டின்னைத் தொறந்து பாத்தா. உள்ள வெள்ளையா மாவாட்டம். துணியப் பாத்தா. டின்னைப் பாத்தா. முத நாளு அந்தப் பொண்ணு என்னென்னமோ சொன்னா, பச்சத்தண்ணியில மொதல்ல கரைச்சுக்கோங்கன்னும் சொன்னாப்பல இருக்குது, பாவாயி எல்லாத்துக்கும் தலைய ஆட்டினா, அப்ப அவ காதுல எதுவும் ஏறல, அப்ப அவ வராண்டாவுல முந்தானையக் கடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தா. கலக்கினேன். ஆமா கலக்கினேன். கலக்கினேன்னுதானே சொன்னேன். போயிருக்குதான்னு கேட்டா, போயிருக்குதுன்னும் சொன்னேனே. அந்த மாடு பொழைச்சுதா? நெத்தி வெள்ளை ஞாபகம் இருக்குது, மாட்டு டாக்டரோட சைக்கிள் ஞாபகம் இருக்குது, மாமன் மாட்டு வயித்த வைக்கோல வெச்சுத் தேச்சுக்கிட்டு இருந்தது ஞாபகம் இருக்குது, அதுக்கு மேல ஒண்ணுமே வரல. பொழைச்சுதா பொழைக்கலயா. வித்தமா, பொதைச்சமா. நெத்தியில வெள்ளை. எவ்வளவு யோசிச்சாலும் அந்த நெத்திதான் வந்து நிக்குது, அப்பறம் அது மாட்டு நெத்தியா இல்லாம மாமன் நெத்தியா ஆவுது, அதுமேல அவ கை இருக்குது.

பின்னாடி யாரோ "நகரும்மா"ன்னாங்க. நகந்தா. டம்ளரு ஒரு கையில, துணி ஒரு கையில, வார்டு நடுவுல நடந்து வந்து ஸ்டூல்ல உக்காந்தா. ஊத்தறதா வேண்டாமான்னு தெரியல. சத்தியம் பண்ணியாச்சு. பேக்டரியில காவேரின்னு ஒருத்தி இருந்தா, வெல்லத்தைத் திருடினது நானில்லன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டா, திருடினது அவதான், அந்தப் புள்ளைக்கு அம்மை போட்டுக் கண்ணு ஒண்ணு போச்சு. பாவாயி திருடல, தெரியாமப் பண்ணினது, ஆனா தலைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? சும்மா இருந்துரலாம். இந்த வேளையில இருந்து ஒழுங்காக் கலக்கி ஊத்திட்டா யாருக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, சரசுக்குத் தெரியாது, பூபதிக்குத் தெரியாது. ஏம்மா நீயேவான்னு அவன் ஒரு பார்வை பாப்பான், அந்தப் பார்வைய அவளால தாங்க முடியாது. வாயத் தொறந்து சொல்லாத வரைக்கும் சத்தியம் சத்தியமாவே கெடக்கும், சொன்ன நிமிசம்தான் அது பொய்யாவும், பொய்யானாத்தானே தலைக்கு எறங்கும். அப்ப சொல்லாம இருக்கறதுதானே அவருக்கு நல்லது? ஆனா பெரிய டாக்டரு. நார்ச்சத்து குடுத்தும் இளகலன்னு எடுத்துக்குவாரு. குடுத்தும். அந்த ஒரு வார்த்தையிலயே அவ மனசு போயி மோதிக்கிட்டு நின்னுது, கட்டின மாடு மொளையச் சுத்திச் சுத்தி வந்து கயிறு கொறைஞ்சு கொறைஞ்சு கடைசியில மொளையோட மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்குமே, அப்பிடி. சொன்னா தலைக்கு. சொல்லாட்டி வயித்துக்கு. "ஏங்க்கா, கஞ்சிய ஆத்தறயா, இல்ல அதுல ஜோசியம் பாக்கறயா?"ன்னா சரசு. பாவாயி திரும்பிப் பாத்தா. சரசு வாயி அசையுது, கொய்யா வெதை ஒண்ணு அவ ஒதட்டுல ஒட்டியிருக்குது, அதைச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லல. பயமா இருக்கணும். இல்ல. ஒடம்பு முச்சூடும் வெரல் நுனி மாதிரி ஆயிருச்சு.

ரவுண்ட்ஸ் வந்துருச்சு. பாவாயி டம்ளரக் கட்டிலுக்கு அடியில வெச்சா. பெரிய டாக்டரு முன்னால, சின்ன டாக்டருங்க பின்னால, சிஸ்டரு, கடைசியா மெர்லின். மிலிட்டரிக்காரர் கட்டில்ல நின்னாங்க, ஏதோ சொன்னாரு, எல்லாரும் எழுதினாங்க. சரசு மாமியாகிட்ட நின்னாங்க. அப்பறம் இங்க. பெரிய டாக்டரு செங்கோடன் வயித்துல வெரல வெச்சுத் தட்டினாரு. டொம்மு. "போனாரா?" சிஸ்டர், "இல்ல சார், மருந்து வெச்சும் போகல." "ஃபைபர்?" மெர்லின் பாவாயியப் பாத்தா, ஒரு நிமிசம்தான், அப்பறம் அவரப் பாத்து "எல்லா வேளையும் குடுத்திருக்காங்க சார், அம்மா சொன்னாங்க"ன்னா. நம்பிட்டா. பாவி மக, அத்தனை கேள்வி கேட்டவ இப்ப நம்பிட்டா, கேட்டுருந்தா தேவலாமே, இன்னொருக்கா கேட்டுருந்தா. "குடுத்துமா?"ன்னாரு பெரிய டாக்டரு. உதட்டப் பிதுக்கினாரு. "அப்ப டியூப் ஃபீட் நிறுத்திடலாம். டிரிப்ஸ் மட்டும் போகட்டும். பையனை வரச் சொல்லுங்க, பேசணும்." பக்கத்துல நின்ன சின்ன டாக்டர் ஒருத்தன் பேனாவத் தொறந்தான். பாவாயி எந்திரிச்சா, எந்திரிச்சது அவளுக்கே தெரியாது, ஸ்டூல் சாஞ்ச சத்தம்தான் கேட்டுது. செங்கோடன் நெத்தியில இருந்து எதையோ வழிச்சு எடுக்கறாப்பல வலது கையால ஒரு வழி வழிச்சா, வழிச்ச கையத் தன் உச்சந்தலையில கொண்டுபோயி வெச்சா. "என் தலைக்கு மாத்திக்கிட்டேன், அவருமேல இல்ல, என்மேல"ன்னா. டாக்டருக்கு ஒண்ணும் புரியல. "என்னம்மா?" சரசுக்குப் புரிஞ்சுருச்சு, அவ எந்திரிச்சு நின்னுட்டா. பாவாயி இன்னொரு கையில இருந்த துணிய விரிச்சு நீட்டினா. "போவல சாமி. உள்ள போவல. கலக்கினேன், கலக்கிட்டு வடிகட்டிட்டேன். எல்லா வேளையும் வடிகட்டிட்டேன். கட்டி போயிட்டா மறுபடி கொழா போடுவாங்கன்னு." மெர்லின் முன்னால வந்து துணியில இருந்தத வெரலால தொட்டுப் பாத்தா. "இதுதான் சார் அந்தப் பவுடர். கொதிக்கற கஞ்சியில போட்டிருக்காங்க, திரண்டிருக்கு. உள்ள வெறும் கஞ்சித்தண்ணிதான் போயிருக்கு." அப்பறம் பாவாயிகிட்ட, திட்டற மாதிரி இல்ல, "எல்லாமேவாம்மா?"ன்னா. "எல்லாமே." "நான் வாயால சொல்லிட்டுப் போயிட்டேன், ஒரு தடவை உங்க முன்னாடி கலக்கிக் காட்டியிருக்கணும்." "நீ காட்டியிருந்தாலும் நான் வடிகட்டித்தான் இருப்பேன் கண்ணு. அது கைப் பழக்கம்."

பெரிய டாக்டரு ஸ்டெதஸ்கோப்ப வயித்துல வெச்சாரு. எடத்த மாத்தினாரு. கண்ண மூடிக் கேட்டாரு. இன்னொரு எடம். வார்டுல ஃபேன் சத்தம் மட்டும் இருந்துது. "சத்தம் இருக்கு"ன்னாரு, சின்ன டாக்டருங்களப் பாத்து. "கம்மியா இருக்கு, ஆனா இருக்கு. குடலைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி குடலுக்கு என்ன குடுத்தோம்னு பாக்கணும், புரியுதா? ஃபீட் நிறுத்த வேண்டாம். அளவக் கொறைச்சுக் குடுங்க, தண்ணி சேத்துக் குடுங்க, பவுடர சிஸ்டரே கலக்கட்டும் ரெண்டு நாளைக்கு. வேணும்னா காலைல எனிமா." பேனாக்காரன் எழுதினத அடிச்சுட்டு மறுபடி எழுதினான். பெரிய டாக்டரு போறப்ப பாவாயியப் பாத்து, "கஞ்சிய வடிகட்டறது தப்பில்லம்மா, மருந்த வடிகட்டாதீங்க"ன்னாரு. கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகந்துது. சரசு வந்து ஸ்டூல நிமித்திப் போட்டு அவளை உக்கார வெச்சா. "ஏங்க்கா, உன் தலைக்கு மாத்திக்கிட்டயே, உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த ஆளுக்கு யாரு ஊத்தறது, நானா ஊத்துவேன்? போயி எதாவது ஒரு மரத்துத் தலைக்கு மாத்திட்டு வா." பாவாயிக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல. நல்லதுன்னு சொன்னாங்க, நிறுத்தலன்னு சொன்னாங்க, காதுல கேட்டுது, உள்ள போயி எங்கயும் எறங்கல. கையத் தலையில இருந்து எடுத்து மடியில வெச்சா. அது அங்க ஒரு சாமான் மாதிரி கெடந்துது.

கொஞ்ச நேரம் போச்சு, எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியாது. சிஸ்டர் வந்து வயித்த எப்பிடித் தேய்க்கணும்னு காட்டிட்டுப் போனா, கடியாரம் சுத்தற பக்கமா, மெதுவா, அழுத்தாம. பாவாயி தேச்சா. வெரலுக்கு எதுவும் தெரியாதுங்கறதால முழங்கைக்குக் கீழ இருக்கற எடத்த வெச்சுத் தேச்சா, சப்பாத்திக்கு மாவு தேய்க்கறாப்பல, புள்ள தூங்கறதுக்குத் தேய்க்கறாப்பல, சுத்திச் சுத்தி, பேக்டரியில பால்தொட்டியக் கலக்கு கலக்குன்னு கலக்கிக்கிட்டே எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பாளே, அந்த மாதிரி. மாமனோட தொப்புள் ஒரு பக்கமா இழுத்திருக்கும், சின்ன வயசுல இருந்தே, ஆத்துல குதிக்கறப்ப அவ பாத்துச் சிரிச்சிருக்கா, அவருக்கு அவ அப்ப வெறும் அக்கா மக, பொடிசு. சுத்திச் சுத்தி. அந்த மாட்ட வித்துட்டோம். ஆமா, வித்துட்டோம், பூபதி பள்ளிக்கூடம் சேந்த வருசம், வீரகனூர் சந்தையில, மாமன் சட்டைப் பையில பணத்த வெச்சுக்கிட்டு மூஞ்சிய ஒரு பக்கமா வெச்சுக்கிட்டு வந்தாரு. பொழைச்சுத்தான் இருக்குது. அது பொழைச்சுத்தான் இருக்குது. கைக்கு அடியில என்னவோ ஓடுச்சு. தேய்க்கறத நிறுத்தினா. மறுபடி ஓடுச்சு, தண்ணிப் பைப்புல காத்து அடைச்சு உடறாப்பல, குர்ருனு, மேல இருந்து கீழ, இடது பக்கமா. செங்கோடன் மூஞ்சி சுளிச்சுது. இடது கண்ணு தொறந்துது. ஃபேனப் பாக்கல. அவரு நல்லாருந்த காலை இழுத்து மடக்கினாரு, ஒரு முனகல் வந்துது, அப்பறம் காத்து, சத்தமா, வார்டு முச்சூடும் கேக்கற சத்தம், மிலிட்டரிக்காரர்கூடத் திரும்பிப் பாத்தாரு. வாடை வந்துது. பாவாயி மூக்க மூடல. அந்த வாடைய உள்ள வரைக்கும் இழுத்தா. அத்தனை ஆம்பளைங்க நடுவுல, டாக்டருங்க இன்னும் கடைசிக் கட்டில்ல நின்னுக்கிட்டு இருக்கறப்ப, அவ தொண்டையில இருந்து ஒரு கத்தல் வந்துது, பேக்டரியில மெசின் ஓடற சத்தத்துக்கு மேல ஒருத்தரையொருத்தர் கூப்புடுவாங்களே, அந்தக் கத்தல்.

"ஆயாம்மா! ஏ ஆயாம்மா! எங்க மாமாவுக்குப் போவுது, வெளிய போவுது! பெட்பேன் எடுத்தாங்க, சீக்கிரம் உள்ள எடுத்தாங்க!"